மருமகன் விட்ட பந்து

துபாய் விமான நிலையத்தில் என் மருமகனை முதல் தடவையாக நேரில் பார்த்தபோது அவர் கக்கத்தில் ஒரு பந்து இருந்தது. மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பிய பந்து. பழுப்புத் தோல், முதுகில் வெள்ளைக் கயிற்றுத் தையல். மகள் ஏழு மாத வயிற்றோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவர் என் பெரிய பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைத்தார். இன்னொரு கை பந்தை விடவில்லை.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பேச மாட்டோம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகளிடம் சொல்ல வேண்டும், அவள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இவர் அமெரிக்காக்காரர். எங்கள் கடற்கரை ஆட்களைவிட ஒரு பிடி கறுப்பு, கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். கல்யாணம் துபாய் மாதா கோயிலிலேயே நடந்துவிட்டது. எனக்குப் போட்டோதான் வந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன், என் மகள் முகம் போட்டோவில் நன்றாக இருந்தது.

காரில் பின் சீட்டில் மகளும் என்னோடு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அது என்னது கையில? பிள்ளை பிறக்கதுக்கு முந்தியே வெளையாட்டுச் சாமான் வாங்கியாச்சா?" என்று அவள் காதில் கேட்டேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது அவுக தொழில்மா. அந்தப் பந்த நீ எப்ப வேணாலும் தட்டி விடலாம். அவுக விடாம புடிச்சிக்கிடணும். அதான் சட்டம்."

"மருமவன் கையில இருக்கதத் தட்டி விடவா? நல்லாருக்கு உன் சட்டம்."

அவள் அதை இங்கிலீஷில் அவருக்குச் சொல்லிவிட்டாள். கண்ணாடியில் அவர் பல் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது, மகள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது சொல்லிச் சொல்லி. அவருடைய தாயார் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். பிள்ளை நன்றாக ஓடியதால் கல்லூரியில் பீஸ் வாங்காமலே சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயிருந்து சம்பளத்துக்கு ஆடுகிற டீமில் எடுத்தார்கள். அமெரிக்க ஃபுட்பால் என்கிற அந்த ஆட்டத்தில் ரன்னிங் பேக் என்று ஒரு ஆள் உண்டு, அதுதான் இவர். மலை மலையாக ஆட்கள் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சுவரில் எங்காவது ஒரு சந்து திறக்கும். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அது மூடுவதற்குள் நுழைந்து ஓட வேண்டும். மூடிவிட்டால் முட்டி விழ வேண்டியதுதான். விழுந்தாலும் பந்தை விடக் கூடாது. விட்டால் எதிராளி எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

முதல் டீமில் இவர் பெயர் எழுதிய சட்டையைச் சின்னப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம். பிறகு முழங்காலில் ஆபரேஷன். இரண்டாவது டீமில் இளவட்டம் ஒருவனுக்குப் பின்னால் காத்திருக்க வைத்தார்கள். மூன்றாவது டீமில் கடைசி ஆட்டம், கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார், இன்னும் நாலு எட்டு வைத்தால் ஜெயிப்பு. அங்கே பந்தை விட்டுவிட்டார். அந்த வாரமே சட்டையைத் திருப்பிக் கொடு என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அந்தத் தொழிலில் அது கிழட்டு வயதாம்.

துபாயில் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஜிம் வைத்திருந்தார். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர், முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் என் மகளைப் பார்த்திருக்கிறார். ஆனால் வந்த நாளிலிருந்து மனசு இங்கே இல்லை. மறுபடியும் ஒரு டீம் கூப்பிடும், அந்தப் பழியைத் துடைக்க வேண்டும் என்றே இருந்தார். கல்லூரியில் இவருக்குச் சொல்லிக் கொடுத்த கோச் ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். ஆட்டத்தில் பந்தை விட்டவன் அந்தப் பந்தை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டே திரிய வேண்டும். சாப்பிடப் போனாலும், படிக்கப் போனாலும். பார்க்கிற யாரும் தட்டி விடலாம். இப்போது இவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. தனக்குத்தானே அந்தத் தண்டனையைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

துபாயில் கராமா என்கிற பகுதியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. அதில் ஒரு மருமகனிடமிருந்து எங்கே போய் ஒளிவது? அடுக்களையில் நான் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. அவர் வருகிற சத்தம் கேட்டால் நான் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்றுகொள்வேன். சோற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். மகள் அவருக்கு மாமி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "மாமீ" என்று இழுப்பார். சோறு, மீன், போதும், இந்த மூன்று வார்த்தையும் தெரியும்.

காலையில் அவர் எழுந்திருப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். முதலில் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டுவார். லிஃப்ட் பழுதானால் படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். விரல்கள் ஒன்று ஒரு பக்கம் பார்க்கும், இன்னொன்று இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட மனிதர் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக்குப் போய் மணலில் ஓடிவிட்டு வருவார். வந்ததும் குளியல் தொட்டியில் ஐஸ் மூட்டையைக் கொட்டி அதற்குள் உட்காருவார். நாங்கள் மீனுக்குப் போடுகிற ஐஸ் அது.

எதிர்வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுக்கு விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டரில் வேலை. என்னைப் போல வெட்கப்படுகிறவள் இல்லை. கதவைத் திறந்து மருமகனைக் கண்டாலே பாய்ந்து பந்தைத் தட்டுவாள். அவர் வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். பந்து அசையாது.

"என்னக்கா இது, பசை போட்டு ஒட்டியிருக்காரா?" என்று உள்ளங்கையை ஊதிக்கொண்டே என்னிடம் வருவாள். "ஃபுட்பால்னு பேரு. நானும் பாக்குறேன், கால்ல ஒரு தடவகூடப் பட்ட பாடில்ல. நீங்க ஒரு தட்டுத் தட்டுங்களேன்."

"மருமவன் மேல கை வைக்கவா?"

"மருமகன் மேல இல்லக்கா, பந்து மேல. மருமகன் வெலகிக்கிருவாரு."

நான் திரும்பி வெங்காயம் உரிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அன்றுதான் லீவு, கோயிலுக்குப் போய் வந்த பிறகு மகள் அவருடைய பழைய ஆட்டத்தை டிவியில் போட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். இவர் ஓடுகிறார். ஒருவன் காலைப் பிடிக்கிறான், ஒருவன் தோளில் இடிக்கிறான், மூன்றாமவன் தலையால் வந்து மோதுகிறான். கள்ளனைப் பிடிக்கிறவர்கள்கூட அப்படி மேலே விழ மாட்டார்கள். இவர் எழுந்து கையை உதறிவிட்டு மறுபடி போய் நிற்கிறார்.

"எம்மா, இத நிப்பாட்டு. ஒரு ஆள இத்தன பேரு அடிக்கானுவ, கேக்க ஆளில்லியா?"

மகள் அதைச் சொன்னதும் அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு அந்தக் கடைசி ஆட்டத்தைத் தானே எடுத்துப் போட்டார். பந்து கையிலிருந்து விழுகிற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பவும் பார்த்தார். மகள் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

அடுத்த வாரம்தான் அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. ஒரு டீமில் இருவருக்கு அடிபட்டுவிட்டதாம். கோடையில் வா, ஓடிக் காட்டு, சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் என் மகளைத் தூக்கப் போய், வயிற்றை நினைத்து நிறுத்தி, அந்த இடத்திலேயே குதித்தார். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் கம்பால் தட்டினார்.

மகளுக்குச் சந்தோஷமில்லை. அவள் நர்ஸ். அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். உள்ளே இருவரும் இங்கிலீஷில் பேசுவது கேட்கும். வார்த்தை எனக்குப் புரியாது. ஆனால் என் மகள் குரல் எனக்குப் புரியும். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"எம்மா, நீ ஜெவம் பண்ணு. அவுக எடுபடக் கூடாதுன்னு ஜெவம் பண்ணு. இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அப்பன் நடமாட்டமா வேணும்."

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போன பிறகு அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். நான் குளிர்பெட்டிக் கதவைத் திறந்தேன். "மாமீ" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் பந்து, இன்னொரு கையை நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக் காட்டினார். மாதா படத்தைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று புரிந்தது. எடுபட வேண்டும் என்று.

நான் மாதாவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு பேரும் என் பிள்ளைகள்தான். கடைசியில் ஒன்றும் கேட்காமல், உமக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன் வந்ததிலிருந்து அவர் பயிற்சி கூடிவிட்டது. வீட்டில் பந்தைத் தட்ட ஆளில்லை என்பதுதான் அவருக்குக் குறை. மகள் வயிற்றை வைத்துக்கொண்டு தட்ட முடியாது. எதிர்வீட்டுக்காரி லீவில் ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் நான்தான். தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் வந்து, பந்தை என் பக்கம் நீட்டி, "கமான், மாமீ" என்பார். நான் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அவர் முகம் விழுந்துவிடும். நமக்கு மரியாதை, அவருக்கு அது உதவி செய்யாமை. யோசித்துப் பார்த்தால் அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். நகை கேட்டாரா, நட்டுக் கேட்டாரா?

ஒரு நாள் மத்தியானம் குடிதண்ணீர்க் கேனை வலது தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பந்து இடது கக்கத்துக்கு மாறியிருந்தது. கேனை இறக்கிவிட்டு வழக்கம்போல "கமான்" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சேலையை இடுப்பில் செருகினேன். ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினேன். ஈ ஓட்டுகிற மாதிரித்தான் தட்டினேன்.

பந்து விழுந்துவிட்டது. விழுந்து கோணல்மாணலாகக் குதித்து அடுப்புக்குக் கீழே போய்விட்டது.

எனக்கே சிரிப்பு வந்தது. விளையாட்டுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் சிரிக்கவில்லை. இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல்களை மடக்கப் பார்க்கிறார், அவை பாதிதான் மடங்குகின்றன. டிவியில் பார்த்தேனே, எழுந்து கையை உதறுவாரே, அதே மாதிரி உதறினார். கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் மடங்கின. பிறகு என்னைப் பார்த்தார். வாயில் ஒரு விரலை வைத்தார். மகள் படுத்திருந்த அறைக் கதவைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ப்ளீஸ், மாமீ."

மருமகனுடைய குறையை மகளிடம் சொல்லக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். குடும்பத்தில் அதனால் சண்டை வரும் என்பார்கள். அவர் பந்தை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். குழம்பு பாதியில் இருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர்களுக்கு நடுவில் போய் ஓடப் போகிறாரே என்று நினைத்தபோது, சண்டை வந்தால் வரட்டும் என்று தோன்றியது. ஆனாலும் அவருக்குத் தெரியாமல் சொல்ல மனசு வரவில்லை. அவர் என்னை நம்பி விரலை வைத்தார்.

சாயங்காலம் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களையை விட்டு வெளியே வந்து அவருக்கு நேர் எதிரே நின்றேன். சுவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். மகள் எந்தப் போனை எடுத்தாலும் சொல்லு, சொல்லு என்றுதான் ஆரம்பிப்பாள். அவருடைய இடது கையைக் காட்டினேன். அறைக் கதவைக் காட்டினேன். "அவட்ட சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போகவில்லை, அங்கேயே நின்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு மகள் வந்து என்னைக் கேட்டாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"இன்னைக்கு மத்தியானந்தான். நான் தட்டினேன், விழுந்துட்டு."

"நீ தட்டினியா?" அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் ஆச்சரியம். பிறகு அழுதாள். "கை மரத்துப் போறது ரொம்ப நாளாவே இருக்காம்மா. அடி பட்டா வருமாம், போயிருமாம். எல்லாருக்கும் வரும்னு சும்மா இருந்திருக்காவ."

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எகிப்துக்கார டாக்டர், நரைத்த மீசை, பொறுமையாகப் பேசினார். மகள் எனக்கு மெதுவாகச் சொன்னாள். கழுத்தெலும்புக்கு நடுவே நரம்பு போகிற வழி இவருக்கு இடுங்கலாக இருக்கிறது. அடி மேல் அடி பட்டு நரம்பு நசுங்குகிறது. நடக்கலாம், மெதுவாக ஓடலாம், பிள்ளையைத் தூக்கலாம். ஆனால் இன்னொரு தடவை யாரும் வந்து மோதக் கூடாது. மோதினால் கை மட்டுமல்ல, காலும் போகலாம்.

மருமகன் எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். ஆட முடியாதா என்று கேட்கவே இல்லை. வேறொன்று கேட்டார்.

"என்ன கேக்காவ?" என்றேன் மகளிடம்.

"அன்னைக்குக் கடைசி ஆட்டத்துல பந்து விழுந்துச்சுல்லா, அது இடது கை. அதுக்கும் இதுதான் காரணமான்னு கேக்காவ."

டாக்டர் யோசித்தார். இருக்கலாம், நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். மருமகன் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். டாக்டர் சலிக்காமல் அதே பதிலை மறுபடியும் சொன்னார். மருமகன் காது கேட்காதவர் இல்லை. அந்தப் பதிலை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கராமாவுக்குக் கொஞ்சம் முன்னால், மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த ரோட்டோரம் காரை நிறுத்தினார். துபாயில் சாயங்காலமாகும்போது அமெரிக்காவில் காலை. ஏசியை ஓடவிட்டபடியே போன் போட்டார். மகள் முன் சீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு இங்கிலீஷில் என்னவோ வேகமாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். மருமகன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, டீச்சருக்கு முன்னால் பேசுகிற பிள்ளை மாதிரி சார், சார் என்று பேசினார். அதிக நேரமில்லை. தேங்க்யூ என்று பல தடவை சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டார்.

மகளுக்குக் கோபம். "ஏம் கழுத்தப் பத்திச் சொல்லல? பிள்ளை பிறக்கப் போவுது, வர முடியாதுன்னு மட்டுந்தான் சொல்லுதாவ. நரம்பு நசுங்கினதாலதான் பந்து விழுந்துச்சுன்னு சொன்னா என்ன? அவனுவ இன்னும் இவுகளக் கவனமில்லாதவன்னுதான நெனச்சிக்கிட்டு இருக்கானுவ?" என்று என்னிடம் தமிழில் கத்தினாள், அவரிடம் இங்கிலீஷில் கத்தினாள்.

அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"பந்த விட்டவன் எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவானாம். இவுக நெறைய கேட்டிருக்காவளாம். ஒரு காரணத்தக்கூட யாரும் நம்பினதில்லையாம்."

முன்னால் கிரேன் ஒன்று ஒரு பெரிய சிமெண்டுக் கட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சத்தம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த ஒரு வேலைக்காகவே வளர்த்த உடம்பு.

"அவுகளுக்குச் சொல்ல வேண்டாம்னா விட்டுரு" என்றேன் மகளிடம். "நம்ம நம்புதோம்லா. அத மட்டும் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பின்னால் ஒரு வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். ஜன்னலைத் திறந்து "யல்லா, யல்லா" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினான். மருமகன் அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.